கை நனைக்காத வீடு

மார்ச் 9, ஞாயிறு

என் மகள் லோசனியைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் தில்லைநாதன், அவன் அம்மா சௌந்தரவல்லி, அந்த அம்மாளின் தம்பி என்று மூன்று பேர். கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு இத்தனை ரயில் இருக்கும்போது காரில் வந்து இறங்கினார்கள். அங்கேயே எனக்கு லேசாக உறுத்தியது.

நான் முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். பெட்டியில் ஏறும்போதே யார் தூங்குகிறான், யார் தூங்குகிற மாதிரி நடிக்கிறான் என்று தெரிந்துவிடும். நான்தான் ஓய்வு பெற்றேன், என் கண் பெறவில்லை.

பையன் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். மரியாதையான பேச்சு. கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு, வயிறு முன்னால் வந்திருக்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம். அவன் குனிந்து செருப்பைக் கழற்றும்போது பின்கழுத்தைப் பார்த்தேன். மடிப்பில் கறுத்துக் கிடந்தது. பார்த்தால் அழுக்கு மாதிரி இருக்கும், தேய்த்தால் போகாது. சர்க்கரை நோய் வரப்போகிறவர்களுக்கு இப்படிக் கழுத்து கறுக்கும் என்று ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருக்கிறேன்.

அம்மாக்காரி காபியில் சர்க்கரை வேண்டாம் என்றாள். "எனக்கு சுகர் இருக்குங்க, பத்து வருஷமாச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்னதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறவர்கள் பெரியதை மறைப்பார்கள். புருஷன் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டாராம். "நெஞ்சு வலிகூட வரலைங்க" என்றாள். வலியே இல்லாமல் என்ன மாரடைப்பு? எதையோ பூசி மெழுகுகிறாள்.

என் மனைவி மங்கை விருந்தே சமைத்து வைத்திருந்தாள். "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றதற்கு, "கை நனைக்கிறதெல்லாம் பேசி முடிச்சப்புறம் வச்சுக்கலாங்க" என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டாள். எங்கள் பக்கத்திலும் அதே வழக்கம்தான். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் சரி என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். இன்றைக்கு அவர்களிடம் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

விடைபெறும்போது லோசனியின் கழுத்தையே அந்த அம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். செயினை எடை போட்டிருப்பாள். பையன் போகும் முன் பாத்ரூம் போய்விட்டு வந்தான். இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

நினைத்தது சரியாகப் போயிற்று. காலையில் பாத்ரூமுக்குள் போனால் கோப்பையைச் சுற்றிச் சாரை சாரையாக எறும்பு. நேற்று அந்தப் பையன் போன பாத்ரூம். சர்க்கரை உள்ளவன் போன இடத்தில்தான் எறும்பு மொய்க்கும். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

மங்கையிடம் சொன்னேன். "காலையில எறும்பைப் பாத்துட்டு வந்து சம்பந்தம் பேசாதீங்க" என்றாள். அவளுக்குக் கல்யாணம் நடந்தால் போதும்.

மார்ச் 12, புதன்

லோசனிக்குப் பையனைப் பிடித்திருக்கிறதாம். அவள் நேரடியாக என்னிடம் சொல்லவில்லை, மங்கை வழியாக வந்தது. சாப்பிடும்போது என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். சர்க்கரை இருக்கிற வீட்டுக்குப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன். நம் பரம்பரையில் அந்தப் பேச்சே கிடையாது.

"தாத்தாவுக்கு?" என்றாள் லோசனி.

"தாத்தாவுக்குக் கால்ல முள்ளு குத்திச்சு. புண்ணு ஆறலை. அதுல போனாரு. அதுக்கும் சக்கரைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"பெரிய அத்தைக்குக் கண்ணு தெரியாமப் போச்சே?"

"அது வயசு."

"யாராவது ஒரு தடவையாவது டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்களாப்பா?"

இல்லாத நோய்க்கு எதற்குப் பரிசோதனை? ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற பெண் கேட்கிற கேள்வியா இது? அந்தப் பையன் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

மார்ச் 14, வெள்ளி

கண்ணாடிக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். போன மாதம்தான் புதுக் கண்ணாடி மாட்டினேன். சில நாள் பேப்பர் பளிச்சென்று தெரிகிறது, சில நாள் எழுத்தெல்லாம் தண்ணீருக்கடியில் கிடப்பது போல் இருக்கிறது. கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மறுபடி சோதித்துவிட்டு, "சார், போன தடவை பாத்ததுக்கும் இப்ப பாக்குறதுக்கும் பவர் மாறுது. ஒரு தடவை சுகர் பாத்துட்டு வாங்களேன்" என்றான். தன் தவறை மறைக்க என் உடம்பின் மேல் பழியைப் போடுகிறான். நல்ல வியாபாரம்.

தண்ணீர்க் கேன் போடுகிறவனையும் மாற்ற வேண்டும். அவன் போடுகிற தண்ணீரில் என்னவோ இருக்கிறது. எத்தனை குடித்தாலும் நாக்கு அட்டை மாதிரி காய்ந்து கிடக்கிறது.

மார்ச் 17, திங்கள்

இஸ்திரி போடுகிற முனியாண்டி என் பேண்ட்டை மாற்றிவிட்டான். இடுப்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது. தையல் அடையாளம் எல்லாம் என்னுடையதுதான், ஆனாலும் எனக்குச் சந்தேகம். "ரெண்டு பேண்ட்டுமா சார் மாறும்?" என்று கேட்கிறான். மாற்றுகிறவன் ஒன்றோடு நிறுத்துவானா?

மங்கை மட்டும், "இளைச்சுத்தான் போயிட்டீங்க" என்றாள். நடை கிடையாது, மூன்று வேளையும் சோறுதான், சாயங்காலம் பஜ்ஜி. இப்படி இருந்தும் இளைக்கிறேன் என்றால் உடம்பு வாகு அப்படி. சந்தோஷம்தான்.

மார்ச் 20, வியாழன்

புதிதாக ஒன்று. லோசனி விடிவதற்கு முன்பே எழுந்து நடக்கப் போகிறாள். ஏழு மணிக்கு எழுப்பினாலே முகத்தைத் தூக்குகிற பெண். காதில் போன் கருவி, வாயில் பேச்சு. மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். பூங்காவைச் சுற்றி வேகமாக நடக்கிறாள், சிரிக்கிறாள், கையை ஆட்டிப் பேசுகிறாள். அப்பா முடிவு சொல்லவில்லை, அதற்குள் என்ன பேச்சு?

அவள் கழுத்திலும் கறுப்பு ஏறியிருக்கிறது. காலேஜுக்குப் போடுகிற கவரிங் செயின்தான் காரணம். அதைத் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

எறும்பு நிற்கவில்லை. பினாயில் ஊற்றினேன், எறும்புச் சாக்பீஸால் நாலு பக்கமும் கோடு போட்டேன். கோட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது. மாடி வீட்டுக் குழாய் கசிந்து, அவர்கள் வீட்டுச் சங்கதி நம் வீட்டுக்கு இறங்குகிறதோ என்று மேலே போய் விசாரித்தேன். மாடி வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மங்கை துடைப்பத்தோடு வந்து நின்றாள். "அந்தப் பையன் வந்துட்டுப் போயி ரெண்டு வாரமாச்சு. எறும்பு இன்னும் அவரைத்தான் தேடிக்கிட்டு வருதா?"

"ஒரு தடவை ருசி கண்டுட்டா விடாது" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் எறும்பைப் பார்த்தாள். இந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

எறும்பு.

மார்ச் 26, புதன்

மதியம் சாப்பிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அடுப்பங்கரையில் மங்கை யாரோடோ போனில் குசுகுசுவென்று

மார்ச் 27, வியாழன்

நேற்று எழுதிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போயிருக்கிறேன். சாப்பிட்டதும் ஆளை அப்படியே அடித்துப் போட்ட மாதிரி ஒரு தூக்கம். சோற்றில் ஏதாவது கலக்கிறாளா என்று கேட்கலாம், கேட்டால் சண்டை வரும்.

ஆனால் வீட்டில் ஏதோ நடக்கிறது. காபியில் இனிப்பு குறைகிறது. கேட்டால் பால் மாறிவிட்டது என்கிறாள். தட்டில் சோறு குறைந்து கீரை ஏறியிருக்கிறது. நான் கூடத்துக்குள் வந்தால் தாயும் மகளும் பேச்சை நிறுத்துகிறார்கள். மங்கையின் போனில் கடைசியாக வந்த அழைப்பு யாருடையது என்று பார்த்தேன். 'கும்பகோணம்' என்று போட்டிருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் கல்யாணத்தை முடிக்கிறார்கள். வேறென்ன இருக்க முடியும்?

ஏப்ரல் 2, புதன்

இரவில் எழுந்து எழுந்து போகவேண்டியிருக்கிறது. போகிற வழியில் லோசனி அறைக் கதவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன். காவலுக்குக் காவலும் ஆயிற்று.

இன்று லோசனி, "அப்பா, காலேஜ்ல இலவச முகாம் நடக்குது, ரத்தம் பாக்குறாங்க. வாங்களேன்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. என் ரத்தத்தைப் பார்த்து நான் திடமாக இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு, அப்புறம் கல்யாணச் செய்தியைச் சொல்லி அதிர்ச்சி கொடுக்கலாம் என்று திட்டம். வர மாட்டேன் என்றேன். அவள் கண் கலங்கியது. இதற்கு ஏன் கலங்க வேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய் மாப்பிள்ளை வீட்டை நேரில் பார்க்கிறேன். நானே கண்டுபிடித்து, முகத்துக்கு நேரே காரணத்தைச் சொல்லி, வேண்டாம் என்று முடித்துவிட்டு வருகிறேன். அந்த வீட்டில் கை நனைக்கப் போவதில்லை. "கை நனைக்கிறதுன்னா சாப்பாடுதான், தண்ணி குடிக்கலாம்" என்கிறாள் மங்கை. எங்கள் அப்பா அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர்கூடத் தொட மாட்டார். நானும் தொட மாட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நானும் மங்கையும் காலை ரயிலில் போனோம். கொண்டுபோன தண்ணீர் பாட்டில் தஞ்சாவூர் வருவதற்குள் காலி. ரயில் கழிவறைக்கு நடையாய் நடந்தேன். ஒரு காலத்தில் கழிவறைக்குள் ஒளிகிறவர்களை நான் கதவைத் தட்டி வெளியே வரவழைப்பேன். நேற்று எனக்குப் பின்னால் ஒருவர் கதவைத் தட்டினார்.

நல்ல வெயில். வீடு பெரிய தெருவில், சுத்தமாக இருந்தது. நான் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். அலமாரியில் மாத்திரைப் பெட்டி மறைக்காமல் வெளியிலேயே இருந்தது. சௌந்தரவல்லி அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். மோர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். தில்லைநாதன் இளநீர் சீவிக்கொண்டு வந்து, "மாமா, இதாவது" என்றான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால் தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு தடவை பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்விட்டு வந்தேன். இரண்டாம் தடவை திரும்பும்போது அந்த அம்மாள் என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் வீட்டை வேவு பார்க்கப் போனால் அவள் என்னை வேவு பார்க்கிறாள்.

சொல்லவேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். "உங்க வீட்ல சக்கரை..." என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் உதடு பிரியவில்லை. சுவர் கொஞ்சம் சாய்ந்தது. மங்கை என் தோளைப் பிடித்தாள். அப்புறம் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. முக்காலியில் இருந்த செம்பை இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடித்தேன். சட்டையெல்லாம் நனைந்தது. குடித்துவிட்டு இன்னும் என்று கையை நீட்டினேன். மோரையும் குடித்தேன். இளநீரையும் குடித்தேன்.

"விரலைக் கொஞ்சம் குடுக்குறீங்களா?" என்றாள் சௌந்தரவல்லி அம்மாள். கையில் ஒரு சின்ன மெஷின். மங்கை என் விரலைப் பிடித்து நீட்டினாள். எனக்காக ஒருத்தி முடிவு செய்துவிட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. ஊசி குத்தியது. மெஷின் ஒரு சத்தம் போட்டது. முந்நூற்று எண்பத்தேழு.

"மெஷின் தப்பு" என்றேன்.

அந்த அம்மாள் தன் விரலைக் குத்தி அதே மெஷினில் வைத்துக் காட்டினாள். நூற்று முப்பத்திரண்டு. "எனக்கு இருக்குதுங்க. ஆனா உங்களுக்கு இருக்குற அளவுக்கு இல்லீங்க" என்றாள். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவள் வீட்டு மெஷின், அவள் வீட்டு ஊசி. சம்பந்தத்தை நான் தட்டிக் கழிக்கப் போகிறேன் என்று தெரிந்து முன்கூட்டியே ஏதோ செய்திருக்கலாம். திருச்சியில் நானே தேர்ந்தெடுத்த லேபில், நானே போய்க் கொடுத்தால்தான் நம்புவேன். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று. குழாயில் என் பெயரை ஒட்டுகிறவரைக்கும் அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மெஷின் தப்பு இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தில்லைநகரில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தோம். லேப் முடிவைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"தாகம் ஜாஸ்தியா இருந்துச்சா?"

"அது கேன் தண்ணி சரியில்லை" என்றேன்.

"கண் மங்கலா தெரிஞ்சிருக்கணுமே."

"கண்ணாடிக்கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"வெயிட் குறைஞ்சுதா?"

"இஸ்திரிக்காரர் பேண்ட்டை மாத்திட்டாருன்னு சண்டை போட்டாரு டாக்டர்" என்று மங்கை முந்திக்கொண்டாள். "பாத்ரூம்ல எறும்பு வந்துச்சு. அது மாப்பிள்ளையால வந்ததுன்னாரு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அப்பாவின் காலைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அக்காவின் கண்ணைப் பற்றியும் சொன்னேன். அப்பாவின் கட்டைவிரல் கறுத்து, வீட்டில் யாரும் மூக்கைப் பொத்தாமல் அவர் அறைக்குள் போக முடியாத அந்த மாதங்கள். முள் என்றுதான் அன்றும் சொன்னோம்.

பாதத்தில் மதமதப்பு உண்டா என்று கேட்டுவிட்டு ஒரு கம்பி மாதிரி எதையோ வைத்துக் குத்திப் பார்த்தார். இப்போதைக்குக் கால் தப்பித்திருக்கிறது என்றார். மாத்திரை, நடை, சோற்றைக் குறைப்பது எல்லாம் சொன்னார். எழுந்திருக்கும்போது, "உங்களுக்கு இருக்கு, உங்க அப்பாவுக்கும் இருந்திருக்கும் போல. பிள்ளைங்களையும் பாத்துடுங்க. எத்தனை பேர்?" என்றார்.

ஒரே பெண். அவளுக்கு என்ன வயது, என்ன வயது என்று நான் யோசிக்கிறேன், சட்டென்று ஞாபகம் வரவில்லை. அவள் கழுத்துத்தான் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 12, சனி

லோசனியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கழுத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். அவள் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். கவரிங் செயினைத் தூக்கிப் போட்டு மூன்று வாரமாகிறது. கறுப்பு அப்படியேதான் இருந்தது. தில்லைநாதனின் கழுத்தில் இதைப் பார்த்தபோது ஒரு நொடியில் கண்டுபிடித்தவன் நான்.

"நான் பாத்துட்டேன்பா" என்றாள்.

அவர்கள் வந்துபோன வாரமே தில்லைநாதன் போன் செய்திருக்கிறான். முதல் பேச்சிலேயே, எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஒரு வருடமாகத் தினம் நடக்கிறேன், அப்பா இப்படித்தான் தெரியாமல் போனார், இதைச் சொல்லாமல் மேலே பேச எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லியிருக்கிறான். "நீங்களும் ஒரு தடவை பாத்துக்குங்க, அம்மா உங்க கழுத்தைப் பாத்தாங்களாம்" என்றானாம். செயினை எடை போட்டாள் என்று நான் எழுதிய அந்தப் பார்வை அதுதான். இவள் போய்ப் பார்த்திருக்கிறாள். இவளுக்கும் எல்லைக்கோடுதான். நோய் இல்லை, விட்டால் நோய்.

"காலையில நான் இங்க நடப்பேன், அவர் அங்க நடப்பார். பேசிக்கிட்டே நடந்தா தூரம் தெரியாது. அதான்பா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சக்கரை இருக்குற வீட்ல சம்பந்தம் இல்லைன்னீங்க. நம்ம வீட்லயே இருக்குன்னு எப்படிப்பா சொல்றது? முதல்ல உங்களைப் பாக்க வைக்கணும்னுதான் அம்மாவும் கும்பகோணத்து அத்தையும் பேசிக்கிட்டு இருந்தாங்க."

எனக்கு எதிராகத்தான் சதி நடந்திருக்கிறது. நான் பிழைக்கவேண்டும் என்று நடந்த சதி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். இதை மங்கை படிக்க மாட்டாள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. பாயசத்தில் எனக்கு இரண்டு கரண்டிதான்.

கும்பகோணத்துக்குப் போன் போட்டேன். வாழ்த்து சொல்லிவிட்டு, "எங்களுக்குச் சம்மதம்" என்றேன். சொல்லி முடித்தால் அந்தப் பக்கத்திலிருந்து உடனே சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள் சௌந்தரவல்லி அம்மாள். "லோசனிக்கும் ஓரத்துல நிக்குதுன்னு என் பையன் நேத்துத்தான் சொன்னான். அவனுக்கும் நிக்குது. எனக்கு இருக்கு, உங்களுக்கு இருக்கு. ரெண்டு பக்கமும் இருந்தா நாளைக்குப் பொறக்குறதுக்கு என்னங்க ஆகும்? ஒருத்தரை வாரிக் குடுத்த வீடுங்க இது. கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்."

என் வார்த்தைதான். ஒரு மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் சொன்ன அதே வார்த்தையை, அவள் என்னைவிட மரியாதையாகச் சொன்னாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

பதில் வரவில்லை. லோசனி காலையில் நடக்கப் போகிறாள், ஆனால் சிரிப்பதில்லை. காதில் கருவியும் இல்லை. நான் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். வேவு பார்க்க அல்ல, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் குறைத்தாள்.

"போன் வரலையாம்மா?"

"அவங்க அம்மா முடிவு சொல்றவரைக்கும் பேச வேணாம்னு நான்தான் சொன்னேன். அவர் வீட்ல சண்டை வேணாம்பா."

ஒரு சுற்று சேர்ந்து நடந்தோம்.

ஏப்ரல் 23, புதன்

முனியாண்டியிடம் போய்ப் பேண்ட் என்னுடையதுதான் என்று சொன்னேன். "எனக்குத் தெரியும் சார்" என்றான். கண்ணாடிக்கடைக்காரனிடம் நாளைக்குப் போகிறேன்.

பாத்ரூமில் எறும்பு குறைந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கும்பகோணத்திலிருந்து போன். "ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்றாள் அந்த அம்மாள். எதற்கு என்று சொல்லவில்லை. முடித்துக்கொள்ள வருகிறார்களா, முறித்துக்கொள்ள வருகிறார்களா? வேண்டாம் என்பதைப் போனிலேயே சொல்லிவிடலாம், நேரில் வருகிறார்கள் என்றால் நல்லதுதான் என்கிறாள் மங்கை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல நான் ரயிலேறிப் போனவன். அதனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மே 4, ஞாயிறு

இன்றைக்கும் காரில்தான் வந்தார்கள். அம்மாவும் பிள்ளையும் மட்டும். தம்பியைக் கூட்டிவரவில்லை. நல்ல காரியம் பேச வந்தால் ஆண்துணை ஒருவர் வரமாட்டாரா என்று யோசித்தேன். தட்டு, பூ ஏதாவது கொண்டுவந்திருக்கிறார்களா என்று பார்த்தேன். கையில் ஒரு துணிப்பை மட்டும், அதன் வாயை அந்த அம்மாள் மடித்துப் பிடித்திருந்தாள்.

வெயிலைப் பற்றிப் பேசினோம். மின்வெட்டைப் பற்றித் தில்லைநாதன் பேசினான். அவன் கொஞ்சம் இளைத்திருந்தான். லோசனி உள்ளேயே இருந்தாள். யாரும் விஷயத்துக்கு வரவில்லை. எனக்கு நாக்கு வறண்டது, இந்தத் தடவை பயத்தில்.

"பாத்ரூம் எங்கங்க?" என்று அந்த அம்மாள் எழுந்தாள். ஒரு நிமிடம் என்று சொல்லி நான் முன்னால் ஓடினேன். மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. வெளியே வந்து, "போங்க" என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து வாஷ்பேசினில் கை கழுவினாள். என் மனசு ஒரு துள்ளு துள்ளிற்று. அப்புறம், பாத்ரூம் போனவர்கள் எல்லோரும்தான் கழுவுவார்கள், அது கை நனைத்த கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மங்கை வந்து நின்றாள். "சாப்பாடு ஆயிருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போன தடவை போல வற்புறுத்த அவளுக்கும் தைரியம் வரவில்லை.

சௌந்தரவல்லி அம்மாள் உடனே எழுந்திருக்கவில்லை. துணிப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்க வீட்டுக்காரருக்கு இதே மாதிரிதான் இருந்துச்சு. தாகம், தூக்கம், எளைப்பு. வெயில்னு சொன்னோம், வேலைன்னு சொன்னோம். நான் பக்கத்துலயே இருந்தேங்க. எனக்குத் தெரியலை. அதுக்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் அவங்க கழுத்தையும் காலையும்தான் பாக்குறேன். உங்க பொண்ணையும் அப்படித்தான் பாத்தேன். சம்பந்தி வீடு பாக்குற பார்வையா அது? போலீஸ் பார்வை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தன்னைப் பற்றித்தான் சொன்னாள்.

"மூணு வாரமா யோசிச்சேன். சக்கரை இல்லாத வீடா பாத்துக் கட்டணும்னா, டெஸ்ட் பண்ணிப் பாக்காத வீடாத்தான் கெடைக்கும். அதுக்குத்தாங்க எனக்குப் பயம். இந்தப் பொண்ணு தெரிஞ்ச அன்னிக்கே நடக்க ஆரம்பிச்சிருக்கு." அப்புறம் எழுந்தாள். "எங்க உக்காரணும்?"

மங்கை இலை போட ஓடினாள். லோசனி உள்ளேயிருந்து வந்து தூணோரம் நின்றாள். தில்லைநாதன் அவளைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டான். துணிப்பைக்குள் இருந்து பூ வெளியே வந்தது.

இலை முன்னால் அந்த அம்மாள் உட்கார்ந்தாள். "சாதம் ஒரே ஒரு கரண்டி, கூட்டு நெறைய வைங்க" என்றாள். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். இலை விரித்த பிறகும் அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வழியாக வலது கையை எடுத்துக் குவித்து என் பக்கம் நீட்டினாள்.

ஊற்றினேன். அவசரத்தில் கொஞ்சம் அவள் புடவையில் சிந்திவிட்டது. உள்ளங்கைத் தண்ணீரை இலையில் தெளித்துத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லை சம்பந்தி, நீங்களும் உக்காருங்க" என்றாள்.